சேர்ந்து நிற்கும் சின்னத் தாள்கள்

காட்ஸ் விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். "உனக்கு எழுத வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றும் கேட்பீர்கள். கேளுங்கள். ஊரில் செத்தவீட்டு இரவுகளிலும் கலியாணவீட்டுத் திண்ணைகளிலும் விடிய விடிய முந்நூற்றிநாலு அடித்த சனம் நாங்கள். இங்கே வந்தபிறகு அந்தக் கைகள் சும்மா இருக்குமா? இப்போது கொலோனில் எனக்குத் தெரிந்த பெடியள் அடிப்பது முந்நூற்றிநாலு அல்ல, போக்கர். அதிலும் ரெக்ஸாஸ் ஹோல்டெம்.

என்னோடு சமையலறையில் வேலை செய்த ஒரு தம்பி கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு வாயால் சொன்னதைவிட இது கொஞ்சம் நீளம். "அண்ணை, அஞ்சும் ஆறும் வந்தால் எப்பத்தான் விளையாடுறது? சின்னத் தாள் எண்டாலும் சேர்ந்து நிக்குது பாருங்கோ" என்றான்.

சேர்ந்து நிக்குது! அந்தச் சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஒற்றுமையே பலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு, இரண்டு சின்னத் தாள் கைகோத்து நிற்பதைப் பார்த்தால் மனம் இளகிவிடும். ஏஸும் கிங்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், ஐந்தும் ஆறும் எங்களைப்போல் என்று ஒரு நினைப்பு. அந்தத் தம்பி அந்த நினைப்பில்தான் விளையாடினான். ஒரு தேநீர்க்கடையின் பின்னறையில் சனி இரவு மேசை போடுவார்களாம். மற்றவர்கள் முன்னால் 200, 300 யூரோ சிப்ஸ் இருக்க, இவன் 40 யூரோவோடு போய் இருப்பான். ஒருமுறை 8-7 வைத்து வரிசை விழுந்து பெரிய காசு வென்றான். அந்தக் கதையை ஒரு மாதமாகச் சட்டி கழுவும்போதும் வெங்காயம் வெட்டும்போதும் கேட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை அவன் சொல்லவில்லை. ஊரில் தங்கச்சிக்கு அனுப்ப எடுத்துவைத்த காசு போனபிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

முதலில், எங்கள் ஆட்டப் பழக்கமே இங்கே எங்களுக்குக் காலைவாருகிறது என்பதைச் சொல்லவேண்டும். முந்நூற்றிநாலில் யாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமே இல்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. (சுவிஸில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப்பாருங்கள், அங்கத்தைய யாஸ் ஆட்டத்திலும் துரும்பில் யாக்கும் ஒன்பதும்தான் பெரியவர்கள்.) ஆனால் அந்தப் பெறுமதியில்லாத ஏழு துரும்பாகிவிட்டால் அடுத்த இனத்து யாக்கையே வெட்டிக்கொண்டு போகும். எதிரே ஒரு கூட்டாளியும் இருப்பான், நாங்கள் கோட்டைவிட்டாலும் அவன் பிடிப்பான். ஆகவே "சின்னத் தாளுக்கும் ஒரு காலம் வரும்" என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிப்போனது. போக்கரில் துரும்பும் இல்லை, கூட்டாளியும் இல்லை. தனியாக வந்து தனியாகப் போகவேண்டிய ஆட்டம்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் மறைவாக வரும். பிறகு மேசை நடுவில் மூன்று தாள் ஒன்றாக விழும், அதை புளொப் என்பார்கள். அதன்பின் நாலாவது, ஐந்தாவது ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு கட்டத்திலும் காசு வைக்கலாம், கூட்டலாம், அல்லது தாளை எறிந்துவிட்டு இருக்கலாம். கடைசியில் ஏழு தாளில் நல்ல ஐந்தை எடுத்து ஒப்பிடுவார்கள். ஐந்தும் தொடர்ச்சியாக வந்தால் வரிசை, ஐந்தும் ஒரே இனமென்றால் அது வரிசையைவிடப் பெரிது. சின்னத் தொடர்த் தாள் என்பது 5-4, 6-5, 7-6, 8-7 போன்றவை. இரண்டும் ஒரே இனமாக, உதாரணமாக இரண்டுமே கலாவரையாக இருந்தால் இன்னும் விசேசம். (கலாவரை என்ற சொல்லே ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போனதுதான். அவர்களுடைய கிளாவர்.)

இனி அந்த 6-5 கலாவரையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

அதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஐந்தையும் ஆறையும் இரண்டையும் பயன்படுத்தி நாலு விதமாக வரிசை கட்டலாம்: 2 முதல் 6, 3 முதல் 7, 4 முதல் 8, 5 முதல் 9. ஏஸ்-கிங்குக்கு ஒரே ஒரு வரிசைதான். மூன்று-இரண்டுக்கு இரண்டு. 5-4 முதல் யாக்-10 வரைக்கும் மட்டும்தான் இந்த நாலு வழி.

ஆனால் எத்தனை தடவை? புளொப்பிலேயே வரிசை முழுதாக விழுவது 100 க்கு 1.3 தடவை. ஐந்தும் ஒரே இனமாவது 100 க்கு 0.8. இரண்டு தாளும் சோடி பிடிப்பது 2. ஒன்று மூன்றாவது 1.35. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 18 தடவைக்கு ஒரு தடவைதான் புளொப் உங்களை நிமிர்ந்து இருக்கவைக்கும். மூன்றில் இரண்டு தடவை ஒரு சோடிகூடக் கிடைக்காது.

"இல்லை அண்ணை, பாதி வந்து நிக்குமே" என்பான் தம்பி. உண்மை. நாலு தாள் ஒரே இனமாக நின்று ஐந்தாவதுக்குக் காத்திருப்பது 9 தடவைக்கு ஒருமுறை வரும். இரண்டு பக்கமும் திறந்த வரிசை ஏறத்தாழ 10 தடவைக்கு ஒருமுறை. ஆனால் காத்திருப்பதற்கும் வாடகை கட்டவேண்டும். அடுத்த தாளிலேயே இனம் முடிவது 100 க்கு 19, வரிசை முடிவது 17. இரண்டு தாளும் பார்த்தால்கூட 35, 31 என்ற அளவுதான். அதாவது மூன்றில் இரண்டு தடவை காத்திருந்தவன் வெறுங்கையோடு எழும்புவான்.

இப்போது காசு. மேசையில் ஒருவர் 6 யூரோ வைக்கிறார். நீங்கள் 6-5 உடன் அந்த 6 யூரோவைக் கொடுத்து உள்ளே போகிறீர்கள். 18 தடவைக்கு ஒருமுறைதான் உறுதியாக விழும் என்றால், அந்த ஒருமுறைக்காக நீங்கள் கொடுப்பது 18 தடவை 6, 108 யூரோ. அப்படியென்றால் விழுந்த அன்று எதிராளியிடமிருந்து 108 யூரோவுக்கு மேல் வாங்கவேண்டும். அவர் முன்னால் 200 யூரோ இருக்கிறது, உங்கள் முன்னாலும் 200 இருக்கிறது என்றால் அது நடக்கக்கூடிய காரியம். உங்கள் முன்னால் 40 தான் இருக்கிறதென்றால்? எதிராளி கோடீஸ்வரனாக இருந்தாலும் அவரிடமிருந்து உங்களுக்கு வரப்போவது 40 தான். அதுக்கு மேல் சட்டப்படியே வாங்கமுடியாது. நட்டம் என்பது தாள் விழமுதலே முடிவாகிவிட்டது.

இது எளிமையாக்கிய கணக்கு. காத்திருந்து முடித்த கைகள், வெருட்டி வென்ற கைகள் எல்லாம் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் இளகும். ஆனால் போகிற திசை மாறாது. பழைய ஆட்டக்காரரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ, அந்தத் தொகையில் 100 க்கு 5 க்குள் செலவு என்றால் உள்ளே போகலாம். 10 ஐத் தாண்டினால் யோசிக்காமல் எறி. இடையில் என்றால் மேசையையும் ஆட்களையும் பார். 200 யூரோக்காரனுக்கு அந்த 6 யூரோ 100 க்கு 3. தம்பிக்கு அது 100 க்கு 15.

இதுதான் நான் சொல்லவந்த விசயம். சின்னத் தொடர்த் தாள் ஏழையின் தாள் இல்லை. அது பணக்காரனின் தாள். கையில் நிறைய இருப்பவன், பத்துத் தடவை இழந்தாலும் முகம் மாறாதவன், பதினொராவது தடவை பெரிய தொகையை அள்ளக் காத்திருக்கக்கூடியவன் ஆடவேண்டிய தாள். கையில் குறைவாக இருப்பவனுக்கு ஏஸும் பெரிய சோடியும்தான் உதவி. ஏனென்றால் அவை வேறு ஒன்றும் விழாவிட்டாலும் தாமாகவே வெல்லும். 6-5 தானாக ஒருநாளும் வெல்லாது. அதற்கு மேசை உதவவேண்டும், நேரம் உதவவேண்டும், எதிராளியின் பிடிவாதம் உதவவேண்டும்.

"ஏஸ்-கிங்குக்கு எதிரா 6-5 க்கு 100 க்கு 40 வெற்றி இருக்கு எண்டு இணையத்திலை போட்டிருக்கு" என்று ஒருவர் என்னோடு வாதாடினார். சரிதான், ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் அந்த 40 என்பது முழுக் காசையும் முதலே வைத்துவிட்டு ஐந்து தாளும் விழும்வரை பார்த்திருப்பவனின் கணக்கு. 40 வெல்கிறது என்றால் 60 தோற்கிறது என்பதை ஏன் யாரும் வாசிப்பதில்லை? எதிராளியிடம் ஏஸ் சோடி இருந்தால் அந்த 40 உம் 22, 23 ஆகிவிடும்.

அடுத்தது இருக்கை. போக்கரில் கடைசியாகப் பேசுகிறவன் ராசா. எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இந்தத் தாளை அந்த இருக்கையில் இருந்து ஆடினால் மலிவாக உள்ளே போகலாம், பிடிக்காவிட்டால் மலிவாக வெளியே வரலாம். முதலாவதாகப் பேசுகிற இருக்கையில் இருந்து 6 யூரோ வைத்தால், பின்னால் இருப்பவன் 20 ஆக்குவான். அப்போது 6 ஐயும் விட்டுவிட்டு எறியவேண்டும், அல்லது 20 கொடுத்துக் குருடனாகப் போகவேண்டும். 2015 இல் பியோ சோல்வர் என்ற கணினி நிரல் வந்தபிறகு இந்த விளையாட்டை இயந்திரம் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையில் சின்னத் தொடர்த் தாளில் பெரும்பாலானதை எறி, கடைசி இருக்கையில் முன்னால் ஒருவரும் வராவிட்டால் நீயே கூட்டு என்பதுதான் அந்த வகை நிரல்களும் சொல்வது. பழைய கிழவர்கள் அனுபவத்தில் சொன்னதற்கு இது அவ்வளவு தூரமில்லை.

மூன்றாவது, விழுந்தபிறகும் வருகிற ஆபத்து. 6-5 வைத்திருக்கிறீர்கள், நடுவில் 7-8-9. வரிசை! ஆனால் அது அந்த மேசையில் கட்டக்கூடிய ஆகக்குறைந்த வரிசை. 10-6 வைத்திருப்பவன் உங்களை வெல்வான், யாக்-10 வைத்திருப்பவன் இருவரையும் வெல்வான். ஐந்து கலாவரை சேர்ந்தாலும் உங்களுடையது ஆறு. குயின் கலாவரையும் இன்னொரு கலாவரையும் கையில் வைத்து ஒருவன் அமைதியாக இருப்பான். சின்ன இடத்தில் வீடு கட்டினால் வெள்ளம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கொலோன்காரருக்கு இதைவிட எளிதாக விளங்கப்படுத்தலாம். இங்கத்தைய கேள்ஷ் பியர் 0.2 லீற்றர் கிளாசில்தான் வரும். குடித்து முடித்தால் கேளாமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கிளாஸ் வைக்கிற மட்டையில் ஒரு கோடு கீறிவிட்டுப் போவார் பரிமாறுபவர். கிளாஸ் சின்னது என்பதால் ஒன்றும் தெரியாது. கோடுகளை எண்ணும்போதுதான் தெரியும். நிற்பாட்டவேண்டுமென்றால் வாயால் சொல்லத் தேவையில்லை, மட்டையை எடுத்துக் கிளாசுக்கு மேல் வைத்தால் போதும். சின்னத் தொடர்த் தாளும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சின்னத் தொகை. இதை ஆடத்தெரியும் என்பதற்கு அடையாளம் எப்போது மட்டையை மேலே வைப்பது என்று தெரிந்திருப்பதுதான்.

பிறகு ஏன் எல்லோரும் இந்தத் தாளில் மயங்குகிறார்கள்? கதைகளால்தான். டொயில் பிரன்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1978 இல் ‘சூப்பர் சிஸ்டம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் சின்னத் தொடர்த் தாள்களைத் தான் விரும்பி ஆடுவதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அவர் 1976 இலும் 1977 இலும் உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தை 10-2 என்ற உதவாத தாளோடு வென்றவர். அந்தத் தாளுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. 2023 இல் இறக்கும்வரை அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் பிரன்சன் ஆடியது எவ்வளவு சிப்ஸை முன்னால் வைத்துக்கொண்டு என்று கேட்பவர்கள் குறைவு. மேசையில் எல்லோரையும் வெருட்டி, பத்துச் சின்னத் தொகையை எதிர்ப்பில்லாமல் அள்ளி, அந்தக் காசில்தான் இந்தத் தாளை ஆடுவார். அவருடைய தாளை எடுக்கிறோம், அவருடைய பெட்டியை யார் தருவது?

கொலோனுக்கும் ஒரு கதை உண்டு. 2011 இல் 6,865 பேர் ஆடிய லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் வென்றவர் பியுஸ் ஹைன்ஸ், அப்போது 22 வயது, கொலோனில் படித்த பெடியன். பரிசு 87 இலட்சத்து 15 ஆயிரத்துச் சொச்சம் டொலர். அந்தப் போட்டியை வென்ற முதல் யேர்மன்காரர். கடைசி ஆட்டத்தில் அவர் கையில் ஏஸும் கிங்கும். எதிரே செக் நாட்டவர் மார்ட்டின் ஸ்ராஸ்கோவின் கையில் கலாவரை 10 உம் 7 உம். நடுவில் விழுந்த ஐந்தும் இருவருக்கும் ஒட்டவில்லை. ஹைன்ஸ் வெறும் ஏஸை வைத்தே வென்றார். ஸ்ராஸ்கோ செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். இருவர் மட்டும் மிஞ்சி, சிப்ஸும் தேய்ந்துபோன நிலையில் ஒரு கட்டத்தில் எதையாவது வைத்துப் பாயத்தான் வேண்டும். ஆனால் பாருங்கள், சிப்ஸ் தேய்ந்தபிறகு 10-7 இன் அழகெல்லாம் போய்விடுகிறது. பெரிய தாள் பெரிய தாளாகவே நிற்கிறது.

இனிக் கொஞ்சம் மனம் நோகிற இடத்துக்கு வருகிறேன்.

எங்களில் பலர் இங்கே வந்ததே சின்னத் தாளை வைத்து முழுக் காசையும் மேசையில் தள்ளித்தான். காணியை ஈடுவைத்து, அம்மாவின் தாலிக்கொடியை விற்று, முன்பின் தெரியாத ஏஜென்சிக்காரன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம். எண்பதுகளில் கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்குக்குக் கடந்து வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். விழுந்தது. வரிசை கட்டியது. ஆகவே "எல்லாத்தையும் வைச்சால்தான் வெல்லலாம்" என்று ஒரு பாடம் எங்களுக்குள் தங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கும் பின்னால் வந்த தம்பிமாருக்கும் நாங்கள் சொல்கிற கதையும் அதுதான். எல்லையில் பிடிபட்டுத் திரும்பியவனும், காட்டிலும் கடலிலும் முடிந்துபோனவனும் கொலோனில் வந்து கதை சொல்வதில்லை. வென்றவன் மட்டும் பேசுகிற மேசை அது.

அன்றைக்கு நாங்கள் செய்தது சூதாட்டமும் இல்லை. எரிகிற வீட்டில் இருந்தவனுக்கு "எறிந்துவிட்டு அடுத்த தாளுக்குக் காத்திரு" என்ற வழி இருக்கவில்லை. போக்கர் மேசையில் அந்த வழி ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. எறிவதற்கு ஒரு சதமும் வேண்டாம். உயிருக்காக ஓடியபோது செய்ததை, எழும்பிப் போகக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு செய்வது வீரம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். யேர்மன் குற்றவியல் சட்டத்தின் 284 ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் சூதாட்டம் நடத்துவது குற்றம், 285 இன்படி அதில் பங்குபற்றுவதும் குற்றம். தேநீர்க்கடைப் பின்னறைகள் அதற்குள்தான் வரும். விசா விசயம் தொங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இது சின்ன விசயமா? இன்னொரு பக்கம், 2012 இல் கொலோன் நிதி நீதிமன்றம் ஒரு விமானியின் வழக்கில், அவர் போக்கர் போட்டிகளில் வென்ற காசு வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமையால் வந்த வருமானம், வரி கட்டு என்றது. 2015 இல் உச்ச நிதி நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வென்றால் திறமை, பிடிபட்டால் சூது! 2021 யூலையில் இருந்து அனுமதிபெற்ற இணையப் போக்கர் இங்கே சட்டப்படி உண்டு. அதில் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து மாதம் பொதுவாக 1,000 யூரோதான் போடலாம். தன்னால் நிற்பாட்டமுடியாது என்று நினைப்பவர் ஓயாசிஸ் என்ற நாடளாவிய தடைப்பட்டியலில் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளலாம். கடன் ஏறிவிட்டவர்களுக்கு நகரங்களில் ‘சூல்ட்னர்பெராட்டுங்’ என்ற கடன் ஆலோசனை இருக்கிறது. கேட்பதில் வெட்கமில்லை.

தம்பிக்கும் உங்களுக்கும் சுருக்கமாக: கடைசியாகப் பேசுகிற இருக்கை, மலிவான செலவு, இருவர் முன்னாலும் நிறையச் சிப்ஸ், பெரிய சோடியை எறிய மனம்வராத எதிராளி. இந்த நாலும் சேர்ந்தால் 6-5 ஐ ஆடுங்கள். ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள். இரண்டு குறைந்தால் எறியுங்கள். ஊருக்கு அனுப்பவேண்டிய காசு மேசையில் இருக்கிறதென்றால் ஏஸ் சோடி வந்தாலும் எறிந்துவிட்டு எழும்புங்கள். இரண்டு தாள் சேர்ந்து நிற்பதில் ஒரு பலமும் இல்லை. அவற்றுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.